ப்ரேரி வியூவின் எண்பது தோல்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிக நீண்ட தோல்வித் தொடர் டெக்சாஸ் மாநிலத்தின் ப்ரேரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்கு உரியது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தில், 1989 முதல் 1998 வரை அந்த அணி வரிசையாக 80 முறை தோற்றது.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே உள்ள இப்பல்கலைக்கழகம் 1876இல் கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்டது. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் டெக்சாஸின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. திறமைசாலிகள் பலர் ப்ரேரி வியூவுக்கே வந்தார்கள். பயிற்சியாளர் பில்லி நிக்ஸின் கீழ் 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் அணி கறுப்பினக் கல்லூரிகளின் தேசியப் பட்டம் வென்றது. பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற ஓட்டிஸ் டெய்லர், கென் ஹூஸ்டன் ஆகியோர் இங்கு ஆடியவர்கள்.

1960களின் நடுவிலிருந்து பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறக்கத் தொடங்கின. நியாயமான அந்த மாற்றம், நல்ல வீரர்களையும் அங்கே இழுத்துச் சென்றது. ப்ரேரி வியூவிடம் போட்டியிடப் பணமில்லை. விளையாட்டுத் துறையில் நிதி முறைகேடுகள் தெரியவந்ததால் 1990இல் அணி ஆடவே இல்லை.

1991இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது வீரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. கிராம்ப்ளிங், ஜாக்சன் ஸ்டேட் போன்ற எதிரணிகள் உதவித்தொகை கொடுத்துத் தேர்ந்தெடுத்த வீரர்களோடு களமிறங்கின. இந்தப் பக்கம் நின்றவர்கள் ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு வந்த மாணவர்கள். அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களிலும் தோல்வி. எடுத்த புள்ளிகள் 48, விட்டுக்கொடுத்தவை 617. அலபாமா ஸ்டேட்டிடம் மட்டும் 92–0 என்று தோற்றார்கள். பின்வந்த பருவங்களில், முந்தைய நீண்ட தொடர்களான கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 44 தோல்விகளையும், மக்காலெஸ்டர் கல்லூரியின் 50 தோல்விகளையும் இத்தொடர் தாண்டிப் போனது.

அப்போதும் அரங்கம் ஓய்ந்துவிடவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் இடைவேளை பேண்டு வாத்தியம் ஆட்டத்துக்கு நிகரான கொண்டாட்டம். ப்ரேரி வியூவின் 'மார்ச்சிங் ஸ்டார்ம்' குழுவைக் கேட்பதற்கென்றே ரசிகர்கள் வந்தார்கள்.

1998 செப்டம்பர் 26 அன்று ஓக்லஹோமா நகரில், லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை ப்ரேரி வியூ 14–12 என்று வென்றது. கடைசி நேரத்தில் டச்டவுன் எடுத்து 12 புள்ளிகளை எட்டிய லாங்ஸ்டன், சமன் செய்வதற்கான கூடுதல் இரண்டு புள்ளி முயற்சியில் தவறியது. தோல்விக் காலத்தில் உடன் வாசித்துவந்த பேண்டு குழு அன்று களத்தில் இல்லை. முந்தைய வாரம் சதர்ன் பல்கலைக்கழகக் குழுவோடு நடந்த கைகலப்பால் அதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது.

முழு மீட்சிக்கு மேலும் காலம் பிடித்தது. 1976க்குப் பின் தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த முதல் பருவம் 2007இல் வந்தது. 2009இல் அணி தான் ஆடும் தென்மேற்குக் கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தை 45 ஆண்டுகளுக்குப் பிறகு கைப்பற்றியது. உதவித்தொகை இல்லாமல், தோல்வி ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தும் வாரந்தோறும் களமிறங்கிய 1990களின் மாணவர்கள் இல்லாவிட்டால், அந்தப் பட்டத்தை வெல்ல ஓர் அணியே எஞ்சியிருக்காது.