உத்தரமேரூர் ஏரியும் ஊரார் கணக்கும்

சரித்திரமென்றவுடனே மன்னர் முடியும் போருமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏரும் ஏரியுமாய் வாழ்ந்த ஊர்களுக்கும் சரித்திரம் உண்டு. தொண்டை நாட்டிலே, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, நெல் விளையும் சிறு நகரமாகிய உத்தரமேரூர் அதற்குச் சான்றாகும்.

அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய சாசனங்கள் வெட்டப்பெற்றுள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள். இவ்வாறு சம்வத்ஸர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமைந்தனர். பணிக்காலம் 360 நாள்.

ஏரிக்கெனத் தனி வாரியம் எதற்கு? வடகிழக்குப் பருவமழை சில வாரங்களிலே பொழிந்து ஓய்ந்துவிடும். அந்நீரைத் தேக்கினாலன்றி நெல்லில்லை. கரை உடைந்தால் அவ்வாண்டு விளைவு போம். வண்டல் படிந்தாலோ ஏரி ஆண்டுதோறும் மெல்ல மெல்லத் தூர்ந்துபோம். ஆதலின், வயிரமேக தடாகமென்று சாசனங்கள் கூறும் பேரேரியில் வண்டல் அகற்றுதற்கென்றே பொன் அறமாக அளிக்கப்பெற்றது.

அப்பொன்னுக்குக் காவல் யாது? கணக்கேயாம். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமேயன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று சபையார் விதித்தனர். ஒருவன் பிழைக்கு உறவினரையும் ஒதுக்குதல் கடுமையே. எனினும் பொதுப்பொருளை அவர்கள் எவ்வளவு அஞ்சிப் போற்றினரென்பது இதனால் விளங்கும்.

நிற்க. புகழ்ச்சிக்காக உண்மையை மறைத்தல் சரித்திரமாகாது. அச்சபை பிராமணருடைய சதுர்வேதிமங்கலத்துச் சபையாகும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட பிராயமும், வேதப் பயிற்சியும் உடையார்க்கே பொதுவாகக் குடத்தில் ஓலை இடப்பெற்றது. சேற்றில் இறங்கி உழுதவர்க்கும் மண் சுமந்தவர்க்கும் அவ்விதிகளில் இடமில்லை. ஏரியின் பயனுக்கு அவர்தம் உழைப்பு வேண்டும். சபையிலே அவர்தம் சொல் வேண்டப்படவில்லை. இதனைக் குறையென்றே நாம் கொள்ளல் தகும்.

அன்பர்களே, பழமையில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. ஊர்ப் பொதுவையோ சங்கப் பொதுவையோ கையாளுவோர் உரிய காலத்திற் கணக்குக் காட்டும் முறையைக் கொள்வோம். உழைப்பாரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தைத் தள்ளுவோம். நம் ஊர்களின் ஏரிக்கரைகள் நிலைபெறுதற்கு இவ்விரண்டும் வேண்டுமென்பது நமது துணிபு.