தபாலில் வந்த ஓவிய வாத்தியார்

சார்லஸ் ஷூல்ஸ் ‘பீநட்ஸ்’ காமிக்ஸை 1950 முதல் 2000 வரை வரைந்தார். சார்லி பிரவுன், ஸ்னூப்பி எல்லாம் அவர் கையில் பிறந்தவர்கள். மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்கள். இருபதாம் நூற்றாண்டில் அவரைவிட அதிகமாகக் குழந்தைகளை வரைந்த ஒருவரைச் சொல்வது கஷ்டம். அவர் ஓவியம் கற்ற பள்ளியில் ‘குழந்தைகளை வரைதல்’ என்றொரு பாடம் இருந்தது. அதில் அவர் வாங்கிய மதிப்பெண் சி பிளஸ்.

இதை ரொம்ப நாளாக நான் ஒரு ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட சுவாரசியமான விஷயம், அந்தப் பள்ளி ஒரு தபால் வழிப் பள்ளி என்பது. மினியாபொலிஸ் நகரத்தில் இருந்தது. ஷூல்ஸின் வீடு செயின்ட் பாலில். நடுவில் மிசிசிப்பி ஆறுதான். பஸ் ஏறினால் நேரிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பையனுக்குக் கூச்சம், தபாலிலேயே அனுப்பினான். கட்டணம் 170 டாலர். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். தவணை கட்டத் திணறி, பாக்கியைக் கேட்டுக் கடிதம் வருமளவுக்குப் போயிருக்கிறது.

தவணை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இரண்டு வருடமாக நான் கிராஃபிக் டிசைன் ஆன்லைனில் படிக்கிறேன். பகலில் ஒரு அலுவலகத்தில் பில் போடும் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப். சென்னைக்குப் போய் மூன்று வருடம் விஸ்காம் படிக்கிற வசதி வீட்டில் இல்லை. “ஸ்கிரீனப் பாத்து படம் வரையக் கத்துக்க முடியுமாடா?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது புதிய கேள்வி கிடையாது. ஸ்கிரீன் வருவதற்கு முன்பே, கவரையும் ஸ்டாம்பையும் வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேல் மனிதர்கள் இதையே கேட்டிருக்கிறார்கள்.

தபால் கல்வியைப் பிரபலமாக்கியவர் நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள், சுருக்கெழுத்து ஐசக் பிட்மன். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் வந்தது. எங்கிருந்து எங்கு அனுப்பினாலும் ஒரே கட்டணம். பிட்மன் அதைப் பிடித்துக்கொண்டார். பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி மாணவர்கள் அனுப்புவார்கள், அவர் திருத்தி அனுப்புவார். சுருக்கெழுத்துக்கு இது பொருந்தும். கோடு தடித்தால் ஒரு ஒலி, மெலிந்தால் வேறு ஒலி. சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். ஒரு படத்தை எப்படித் தபாலில் திருத்துவது? முகம் தப்பாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினால் போதுமா? எங்கே தப்பு? கண்ணிலா, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற தூரத்திலா?

1905இல் லண்டனில் பெர்சி பிராட்ஷா தொடங்கிய பிரஸ் ஆர்ட் ஸ்கூல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய ஆரம்பகாலப் பள்ளிகளில் ஒன்று. பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. பத்திரிகைக்குப் படம் வரையவும் அச்சில் தெளிவாக விழும் கோடு போடவும் இங்கே கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பள்ளியின் மாணவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் கென்னத் பேர்ட். முதல் உலகப் போரில் ராணுவப் பொறியாளராக இருந்தவர். 1915இல் கலிப்போலியில் குண்டுவெடிப்பில் முதுகெலும்பில் பலத்த அடி. நீண்ட காலம் படுக்கை. அந்தக் காலத்தில்தான் பிராட்ஷாவின் தபால் பாடங்களைப் படித்து வரையப் பழகினார். ‘ஃபூகாஸ்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அது ஒருவகைக் கண்ணிவெடியின் பெயர். எப்போது வெடிக்கும், வெடிக்குமா என்பதே நிச்சயமில்லாத வெடி. தன் நகைச்சுவைக்கு இப்படிப் பெயர் வைத்த ஆளை எனக்கு உடனே பிடித்துப்போனது.

1940இல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டன் அரசுக்காக அவர் ஒரு போஸ்டர் வரிசை செய்தார். அஜாக்கிரதையான பேச்சு உயிர்களைக் குடிக்கும் என்பதுதான் செய்தி. அரசு போஸ்டர் என்றால் நாம் எதிர்பார்ப்பது என்ன? பெரிய எழுத்து, நீட்டிய விரல், மிரட்டல். ஃபூகாஸ் செய்தது வேறு. இரண்டு பெண்கள் பயணத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின் இருக்கையில் ஹிட்லரும் கோரிங்கும் சமத்தாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றில் சுவர்க் காகிதத்தின் பூ வேலைப்பாடே ஹிட்லர் முகம். சுற்றிலும் சிவப்பு பார்டர், உள்ளே ஏராளமான வெள்ளை இடம், நாலைந்து கோட்டில் முடிந்த உருவங்கள். முதலில் சிரிப்பு வரும், ஒரு வினாடி கழித்துத்தான் திரும்பிப் பின் சீட்டைப் பார்க்கத் தோன்றும். எங்கள் ஆன்லைன் வகுப்பில் வெற்றிடத்தைப் பற்றி ஆறு வீடியோ இருக்கிறது. எல்லாவற்றையும்விட இந்த ஒரு போஸ்டர் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. இதை வரைந்தவர் படுக்கையில் கிடந்தபடி கவரைப் பிரித்துக் கற்றவர் என்பது தெரிந்த பிறகு இன்னும் அதிகம்.

அமெரிக்காவில் இது பெரிய வியாபாரமானது. 1948இல் ஆல்பர்ட் டோர்ன் என்ற ஓவியர், நார்மன் ராக்வெல் போன்ற பெரிய தலைகளைச் சேர்த்துக்கொண்டு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூலைத் தொடங்கினார். மொத்தம் பன்னிரண்டு பிரபலங்கள். விளம்பரத்தில் அவர்கள் முகம்தான். மாணவர்களின் படங்களைத் திருத்தியது என்னவோ சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட, பெயர் தெரியாத ஓவியர்கள்.

ஆனால் அவர்கள் திருத்திய முறை இருக்கிறதே, அங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மாணவர் அனுப்பிய படத்தின் மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைப்பார்கள். அடியில் மாணவரின் படம் மங்கலாகத் தெரியும். அதன் மேல் வாத்தியார் தன் கோட்டை வரைவார். தோள் இங்கே இறங்கணும், நிழல் இந்தப் பக்கம் விழணும். கூடவே ஒரு நீண்ட கடிதம். மாணவரின் படத்தில் ஒரு கீறல்கூட விழாது. டிரேசிங் பேப்பரைத் தூக்கினால் உன் கோடு, இறக்கினால் அவர் கோடு. பிட்மனின் முறையில் கிடைக்காத விடை இங்கே கிடைத்துவிட்டது. தப்பு எங்கே இருக்கிறது என்பதை வார்த்தையில் சொல்ல வேண்டாம், அதே இடத்தில் சரியானதைப் போட்டுக் காட்டினால் போதும்.

அந்தப் பெயர் தெரியாத வாத்தியார்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? ஜே.டி. சாலிஞ்சர் 1952இல் ஒரு சிறுகதையில் இதைத் தொட்டிருக்கிறார். பொய்யான தகுதிகளைச் சொல்லி மான்ட்ரியாலில் ஒரு தபால் ஓவியப் பள்ளியில் வேலைக்குச் சேரும் பத்தொன்பது வயதுப் பையன், முகமே தெரியாத ஒரு கன்னியாஸ்திரியின் படங்களில் மயங்கி அவளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறான். ‘டி டோமியர்-ஸ்மித்ஸ் ப்ளூ பீரியட்’ என்று தேடினால் கிடைக்கும். ஷூல்ஸும் போரிலிருந்து திரும்பியபின் தான் படித்த அதே மினியாபொலிஸ் பள்ளியில் திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை பார்த்த ஒருவரின் பெயர் சார்லி பிரவுன். பெயரை அவரிடம் கேட்டே எடுத்துக்கொண்டார்.

வெஸ்ட்போர்ட் கதை சோகமாக முடிந்தது. அதே நிறுவனம் நடத்திய எழுத்தாளர் பள்ளியைப் பற்றி 1970இல் ஜெசிக்கா மிட்ஃபோர்ட் அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிரபலங்கள் யாரும் பாடம் திருத்துவதில்லை, திறமைத் தேர்வில் ஏறக்குறைய யாரும் தோற்பதில்லை, பணம் கட்டிவிட்டுப் பாதியில் நிறுத்துகிறவர்களை நம்பியே கணக்கு ஓடுகிறது என்று போட்டு உடைத்தார். 1972இல் நிறுவனம் திவாலானது. ஆன்லைன் கோர்ஸ் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இதில் ஒரு வரிகூடப் பழையதாகத் தெரியாது.

சரி, பெரிய டிசைன் பள்ளிகளின் பாடம் தபாலில் போகுமா? ஜெர்மனியின் பவ்ஹவுஸில் பாடம் நடத்திய ஜோசஃப் ஆல்பர்ஸ், நாஜிகள் அந்தப் பள்ளிக்கு நெருக்கடி கொடுத்து அது மூடப்பட்ட 1933இல் அமெரிக்கா போனார். முப்பது வருடம் கழித்து, 1963இல், தன் வண்ண வகுப்பை ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’ என்ற புத்தகமாக்கினார். பெயின்ட் கூட வேண்டாம், வண்ணக் காகிதமும் கத்திரியும் போதும் என்பார். ஒரே காகிதத் துண்டை இரண்டு வேறு நிறப் பின்னணியில் வைத்தால் இரண்டு நிறமாகத் தெரியும். 2013இல் இது ஐபேட் ஆப் ஆகவும் வந்தது. ஸ்கிரீனில் இந்தப் பயிற்சிக்கு ஒரு புது ருசி உண்டு. கலர் பிக்கரை வைத்தால் இரண்டும் ஒரே எண் என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்யும். கண் ஒத்துக்கொள்ளாது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மெஷின் பொய் சொல்லுது” என்றார்.

ஆக, பாடம் எதில் வேண்டுமானாலும் ஏறிப் போகும். சிக்கல் திருத்துவதில்தான். 2012இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் கிளெம்மர் கோர்செராவில் ஒரு டிசைன் வகுப்பு நடத்தினார். ஆயிரக்கணக்கான மாணவர்களின் வேலையை எந்த வாத்தியாரும் பார்க்க முடியாது. எனவே மாணவர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டார்கள். அதை ஆராய்ந்தபோது ஒரு சின்ன விஷயம் தெரியவந்தது. தங்கள் நாட்டவரின் வேலைக்கு மாணவர்கள் சற்றே கூடுதலாக மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். யாருடைய வேலை என்பது தெரியாமலே.

நான் படிப்பதிலும் (எந்த கோர்ஸ் என்பது வேண்டாமே) இதே முறைதான். எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு போஸ்டர் செய்யச் சொன்னார்கள். நான் தமிழில் செய்தேன். முதல் தகராறு சாஃப்ட்வேரோடு. தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றும்வரை கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அடுத்தது பாடத்தோடு. அழுத்தம் வேண்டுமென்றால் பெரிய எழுத்தில் போடு என்கிறது பாடம். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம் போதும் என்கிறது. போட்டுப் பாருங்கள். மேல் வரியில் இருக்கிற ‘சு’வின் கால் கீழ் வரியில் இருக்கிற ‘தி’யின் தலையில் உட்காரும். எப்படியோ முடித்து அனுப்பினேன். மூன்று பேர் மதிப்பிட்டார்கள். மூவரும் முழு மதிப்பெண். வடிவங்கள் அழகாக இருக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அவ்வளவுதான். அவர்களுக்கு அது எழுத்து இல்லை, கோலம். ஷூல்ஸின் சி பிளஸ் மேல் எனக்குப் பொறாமை வந்த ராத்திரி அது.

1958இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அதைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்ததிலேயே சிறந்த வடிவமைப்பு என்று அவர்கள் வியந்தது லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் சொம்பை. அதை எந்தத் தனி ஆளும் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் சேர்ந்து செய்தது என்கிறார்கள். தமிழ் எழுத்தும் அப்படித்தான். ஓலையில் ஒரு வடிவம், ஈயத்தில் ஒரு வடிவம். 1978இல் அரசாணையோடு ‘லை’ தன் துதிக்கையை விட்டது. அந்தக் கைகளில் கடைசிச் சில இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை போனவர்கள்.

எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் போர்டு எழுதியவர். இப்போது ஜெராக்ஸ் கடை. போஸ்டரை பிரின்ட் போட்டு எடுத்துப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, எழுத்தெல்லாம் கடையில வாங்குன செருப்பு மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே சைஸு.”

“ஃபான்ட் அப்படித்தாண்ணே.”

“கையில எழுதுறப்ப பக்கத்து எழுத்தப் பாத்துத்தான் கொம்பு போடுவோம். ‘ண’ வந்தா அதுவே ரெண்டு வீடு எடத்தப் புடிச்சுக்கும். கொம்ப ஒடுக்கணும்.”

டிரேசிங் பேப்பர் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். கடையிலேயே பட்டர் பேப்பர் இருந்தது, என் போஸ்டர் மேல் வைத்து பென்சிலை எடுத்தார். இருபது நிமிடம். கொம்பு ஒடுங்கியது, வரி இறங்கியது, ‘ழ’வின் வால் முதன்முதலாக ஒரு வாலாக நின்றது.

இப்போது நேரில் போவது குறைந்துவிட்டது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர் அதன் மேல் விரலாலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறார். போன வாரம் அனுப்பியதில் ஒன்பது இடத்தில் கோடு. நாலைச் சரி செய்திருக்கிறேன்.