ஹோட்டல் பலகையும் மரபும்

சேத்துப்பட்டில், ஆரணி போகிற சாலையில், ஒரு ஹோட்டல் வாசலில் சமீபத்தில் ஒரு பலகையைப் பார்த்தேன். 'பாரம்பரியத் தென்னிந்திய உணவு வகைகள்' என்று மேலே பெரிய எழுத்து. கீழே வரிசையாக இட்லி, வடை, மசால் தோசை, பொங்கல், பூரி, சாம்பார் சாதம், பில்டர் காப்பி. எல்லாவற்றுக்கும் கடைசியில், பிறகு யாரோ நினைத்துக்கொண்டு சேர்த்த மாதிரி, 'சனிக்கிழமை ஸ்பெஷல்: கேழ்வரகுக் களி'.

நான் சொல்லும் சேத்துப்பட்டு சென்னையில் கூவத்தின் கரையில் இருப்பதல்ல. 1989 வரை வட ஆற்காடு ஜில்லாவிலும் பிறகு திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருந்துவருகிற, போளூருக்கும் வந்தவாசிக்கும் நடுவிலுள்ள சிற்றூர். பக்கத்து ஆரணிக்குப் பட்டும் அரிசியும் பெயர். சேத்துப்பட்டுக்கு நெல் சந்தை பெயர். வானம் பார்த்த பூமியும் ஏரிப்பாசனமும் கலந்த பிரதேசம். இந்த மண்ணில் வெகுஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது பலகையின் கடைசி வரியில் இருக்கும் அந்தக் கேழ்வரகுதான். எங்கள் பக்கத்துப் பேச்சில் கேவுரு. தினமும் உண்ட ஒன்று எப்படி 'ஸ்பெஷல்' ஆயிற்று, எங்கிருந்தோ வந்தவை எப்படிப் பாரம்பரியம் ஆயின என்பதுதான் என் கேள்வி. ஹோட்டல்காரரிடம் இதற்குப் பதில் கிடையாது. அவர் விற்கிறார். பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் பலகையின் வயதைப் பார்த்துவிடலாம். மசால் தோசையின் உருளைக்கிழங்கு, சாம்பாரின் தக்காளி, சட்னியின் மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகே அவை இங்கு வந்திருக்க முடியும். காப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்டங்களில் பெருகி, அதன் பிறகுதான் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் காலை வேளைக்குள் நுழைந்தது. இதைப் பற்றி எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு வைத்த தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. பூரியின் கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. இட்லிக்கு வயது உண்டுதான். ஆனால் அதன் பழைய எழுத்துச் சாட்சிகள் கன்னட தேசத்தவை: கி.பி. 920 அளவில் எழுதப்பட்ட 'வட்டாராதனெ', பிறகு 1130 அளவில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் செய்த 'மானசோல்லாசம்'. அந்த இட்லியில் உளுந்து மட்டும்தான், அரிசியைப் பற்றிப் பேச்சில்லை என்று உணவுச் சரித்திரம் எழுதிய கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார்.

எழுத்தாளர்களாகிய நாம் இதைக் கவனித்திருக்க வேண்டும். 1959இல் 'எழுத்து' ஆரம்பமாகி, யாப்பில்லாத கவிதை அச்சேறியபோது, மரபுக்கு ஆபத்து என்று கூச்சல் எழுந்தது. கூச்சலிட்டவர்கள் மசால் தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே கூச்சலிட்டார்கள். அந்த உருளைக்கிழங்கு எந்தத் தொல்காப்பியத்தில் இருக்கிறது என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. நாக்கு ஏற்றுக்கொண்ட புதுமைக்கு மரபு என்று பெயர் வைத்துவிடுகிறோம். காது ஏற்காததைத்தான் புதுமை என்கிறோம்.

பழைய சமையல் எங்கே போயிற்று? இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ஒன்று, வைதிகக் குடும்பத்துத் திவசச் சமையல். அங்கே மிளகாய் கூடாது, உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ் கூடாது. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழை, பாகல், புடல். கப்பல் ஏறி வந்தவை எல்லாம் பித்ருக்களுக்கு ஆகாது. இறந்தவர்களுக்கு அவர்கள் காலத்துச் சாப்பாட்டையே போடுகிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியும் இந்த வகைதான். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்து மூங்கில் குடலையில், மந்தார இலைக்குள், அது வேகிறது. மிளகாய் கிடையாது.

இரண்டாவது, ஆடி மாசத்து அம்மன் கூழ். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, தெருவுக்கெல்லாம் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. திவச இலையும் கூழ்ப் பானையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. இரண்டும் தனித்தனியாக, தங்கள் தங்கள் ஜனங்களின் பழைய வயிற்றை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஹோட்டல் பலகை இந்த இரண்டிலிருந்தும் பிறந்ததல்ல. அதற்கு வேறு பிறப்பு.

தமிழ்நாட்டில் தின்பண்டம் விற்பது பழைய தொழில். சிலப்பதிகாரத்துப் புகாரில் பிட்டு விற்கிறவர்களும் அப்பம் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சோற்றை விலைக்கு விற்பது பெருமைக்குரியதாக இருக்கவில்லை. வழிப்போக்கனுக்குச் சத்திரம் உண்டு. இல்லாவிட்டால் தோளில் கட்டுச்சோறு. எந்தச் சத்திரத்தில் யாருக்கு எந்தப் பந்தி என்பது ஜாதியைப் பொறுத்த விஷயம். முன்பின் தெரியாத நாலு பேர், விலை எழுதிய பலகைக்குக் கீழே, காசு கொடுத்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது நவீன காலத்து ஏற்பாடு.

அதற்கு ரயில் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு எங்கள் வட ஆற்காட்டுக்குத்தான், வாலாஜா ரோடுக்கு, வந்தது. ஜாதி தெரியாத ஆட்கள் ஒரே பெட்டியில் உட்கார நேர்ந்தது. பிறகு கச்சேரி, காலேஜ், கம்பெனி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்து அறையில் தங்கிய குமாஸ்தாக்கள். இவர்கள் எல்லோருக்கும் பசித்தது. யார் சமைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஜாதி ஏணியின் உச்சியில் இருப்பவன் கையால் வாங்கிச் சாப்பிட யாருக்கும் தடை இல்லை. ஆகவே சமையற்காரன் பிராமணன். 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகை அகங்காரம் மட்டுமல்ல, வியாபார உத்தரவாதமும்கூட. நாம் 'தென்னிந்திய உணவு' என்று சொல்வதன் மரக்கறி முகம் இந்த உத்தரவாதத்திலிருந்து வந்தது. 2014இல் எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். இருந்தும் அவர்களுடைய சாப்பாட்டுக்கு 'மிலிட்டரி ஹோட்டல்' என்று தனிப் பெயர். ஆற்காட்டு நவாபுகளின் சீமையிலேயே, ஆரணிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பலகையின் 'பாரம்பரிய' வரிசையில் பிரியாணி இல்லை.

உடுப்பிக்காரர்கள் இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தினார்கள். உடுப்பியின் அஷ்ட மடங்களைச் சுற்றி வளர்ந்த சமையல் திறமை தென் கன்னடத்தின் ஏழ்மையோடு சேர்ந்து ஊர் ஊராக வந்தது. மடத்தில் எடுபிடியாக இருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ண ராவ் மவுண்ட் ரோடில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் தொடங்கினார். 1930களின் கடைசியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ். 1962இல் காரில் உட்கார்ந்தே சாப்பிடும் டிரைவ்-இன். அது 2008இல் மூடப்பட்டபோது வருத்தப்பட்டவர்களில் நமது எழுத்தாளர்கள் நிறையப் பேர். இன்று எல்லாச் சிற்றூர்ப் பலகைகளிலும் இருக்கும் அந்த வரிசை இவர்கள் போன்றவர்கள் கட்டிய வரிசை.

ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல் அந்தப் பிரிவினை போயிற்று. 1950இல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது ஷரத்து, கடைகளிலும் ஹோட்டல்களிலும் மதம், ஜாதி காரணமாக எந்தப் பிரஜையையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு தேசம் தன் சாசனத்தில் ஹோட்டலை எழுதிவைக்க நேர்ந்ததை யோசித்துப் பார்க்க வேண்டும். அப்படியும் பலகை போகவில்லை. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால், 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி, பெரியார் மறியல் தொடங்கினார். மாசக்கணக்கில் தினமும் ஆட்கள் போய்க் கைதானார்கள். ஒரு சொல்லை அழிப்பதற்காக இத்தனை பேர் சிறைக்குப் போனார்கள்.

இதெல்லாம் பட்டணத்துச் சரித்திரம். எங்கள் வீட்டிலும் ஒரு காப்பி உண்டு. 1940களில், என் தகப்பனார் பையனாக இருந்தபோது, என் பாட்டனாரோடு நெல் வண்டியில் டவுனுக்குப் போனார். ஹோட்டலின் முன்வாசல் எங்கள் தெருக்காரர்களுக்கு இல்லை. பின்பக்கத்துச் சந்தில் நின்றார்கள். கொட்டாங்கச்சியில், உயரத்திலிருந்து, காப்பியை ஊற்றினார்கள். கை சுட்டதாம். அப்பா இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே வாக்கியம்: "அந்த மாதிரி காப்பிய அப்புறம் நான் குடிச்சதே இல்ல." இதை நான் வெகுநாள் அசட்டுத்தனம் என்று நினைத்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் ருசி வருகிறதே என்று அவர் மீது எரிச்சல் பட்டதும் உண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவமானத்தையும் ருசியையும் அவருக்கு ஒரே கொட்டாங்கச்சியில் கொடுத்தார்கள். அவர் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறவன் நான்தான்.

புதுமைப்பித்தன் கதையில் சென்னைக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை அழைத்துப்போவது காப்பி ஹோட்டலுக்கு. அது சௌகரியத்துக்காகச் செய்த தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. கோயிலில் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் எதிரெதிரே உட்கார முடியாது. வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. சமமாக உட்கார்ந்து பேச அன்றைய பட்டணம் கொடுத்த இடம் ஹோட்டல் ஒன்றுதான். அதே இடத்துக்குப் பின்சந்து ஒன்றும் இருந்தது. ஹோட்டல் ஜாதியை வைத்துப் பிழைத்தது, ஜாதியைத் தளர்த்தியும்விட்டது. இரண்டில் ஒன்றை மறைத்தால் அதன் சரித்திரம் பொய்யாகிவிடும்.

இதற்கிடையில் வயல்கள் மாறின. 1960களிலிருந்து மின்சார மோட்டாரும் உயர்விளைச்சல் நெல்லும் வட ஆற்காட்டை அரிசிச் சீமை ஆக்கின. 1973இலிருந்து ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட்டின் புத்தகங்களில் இந்த நெல் வியாபாரம் வளர்ந்த விதம் விரிவாக இருக்கிறது. கம்பும் கேவுரும் பின்வாங்கின. அரிசிச் சோறு பண்டிகையிலிருந்து தினசரிக்கு வந்தது. ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். பட்டினியின் மீது கிடைத்த பெரிய வெற்றி இது. கூழை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. என் பாட்டி களியைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. நெல்லுச் சோறு கிடைத்த நாளைத்தான் அவள் எண்ணி வைத்திருந்தாள்.

2013இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தார்கள். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2022இல் அரசாங்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டம்: உப்புமா, கிச்சடி, பொங்கல். கவனித்தால் விளங்கும். 'பிராமணாள்' என்று பலகை போட்டு விற்றவற்றில் பலவற்றைத்தான், அந்தப் பலகையை அழித்த இயக்கத்தின் வழிவந்த அரசுகள் எல்லோருக்குமான சாப்பாடாக்கின. சொல் அழிந்து, பண்டம் தங்கி, பொதுச் சொத்தாகிவிட்டது. இட்லிக்கு 'பாரம்பரிய' என்ற பட்டம் எதற்கு? அது சண்டை போட்டு வாங்கப்பட்டது. அந்தக் கௌரவம் பெரியது.

களியின் கதை தலைகீழ். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய வருஷம் என்று அறிவித்தது. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஏழை கைவிட்டதை வசதியுள்ளவன் எடுத்துக்கொள்கிறான். பலகையின் கடைசி வரிக்கு அது இப்படி வந்து சேர்ந்தது. பாரம்பரியம் என்பதற்காக அல்ல, பத்தியம் என்பதற்காக.

சனிக்கிழமை திரும்பவும் போனேன். முன்வாசல் வழியாகத்தான். எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு விரித்து, அதில் ஒரு களி உருண்டை, கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். கருவாட்டுக் குழம்பு கிடையாது, இது சைவ ஹோட்டல். சப்ளையர் பையன், "சார், முழுங்கணும், மெல்லக்கூடாது," என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. தெரியும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் நெல் சந்தைக்கு வந்த ஒரு பெரியவர் மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தட்டை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காசு கொடுத்து இதை ஏன் தின்கிறான் என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

சாப்பிட்டு முடித்து ஒரு காப்பி சொன்னேன்.