மலையகத் தோட்டங்களில் சிறுவர் நீர்ப் பாதுகாப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த மரக்கறிக் கிராமங்களிலும், சிறு பிள்ளைகள் நீரில் மூழ்காமல் காக்கும் ஏற்பாடுகளை இத்தலைப்பு குறிக்கும். ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இதே விடயம் வீட்டு நீச்சல் தடாகத்தைச் சுற்றி வேலியடிப்பதோடு ஏறத்தாழ முடிந்துவிடும். மலையகத்தில் வீட்டுத் தடாகம் அபூர்வம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டத் துரைமாரின் பங்களாக்கள் சில 2005 முதல் சுற்றுலா விடுதிகளாயின. தடாகம் என்பது அத்தகைய விடுதிகளோடும் நகர ஹோட்டல்களோடும் நின்றுவிடுகிறது. வேலி செய்ய வேண்டிய வேலையை இங்கே பல தலைமுறைகளாகத் தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு அறையான பிள்ளைக்காம்பராவே செய்து வந்துள்ளது.

2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர்.

நீர் நிற்கும் இடங்கள்

இம்மாவட்டத்து மரக்கறிக் கிராமங்களில் ஒன்றான பட்டிப்பொலவின் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதைவிட உயரமான நிலையம் இல்லை.  இதற்கு மேலே கிடக்கும் ஹோட்டன் சமவெளி, மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் தருவது. ஆகவே இப்பகுதியில் வீட்டுக்கும் நீருக்கும் இடைவெளி என்பது பெரும்பாலும் சில எட்டுகளே.

பிள்ளையின் வயதைக்கொண்டு இந்நீர்நிலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். தவழும் பிள்ளைக்கு ஆபத்து வீட்டுக்குள்ளும் முன் தாழ்வாரமான இஸ்தோப்பிலும் இருக்கிறது: வாளி, பீப்பாய், குளிக்க நீர் பிடித்து வைத்த அண்டா. இவ்வயதில் உடலின் அளவோடு ஒப்பிடத் தலை பாரமானது. குனிந்து கைவிட்ட பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. முகம் மூழ்குமளவு நீர் போதும். நடக்கத் தொடங்கி நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நீர் தேங்கும் தொட்டி, தேயிலை மலையின் கான் (வடிகால்), தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடும் ஓடை, மரக்கறித் தோட்டத்தின் நீர்க்குழி ஆகியவை. ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆறும் நீர்த்தேக்கமும். 1965இல் நிறைந்த காசல்ரீ, 1969இல் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்த மவுசாக்கலை, 2012இல் இயங்கத் தொடங்கிய தலவாக்கலையின் மேல் கொத்மலை ஆகியவை இவ்வகையின. கடும் மழையில் வான்கதவுகள் திறக்கும்போது அணைக்குக் கீழுள்ள ஆற்றில் நீர் சட்டென்று உயரும். வழக்கமாகக் குளிக்கும் இடம் என்ற நம்பிக்கை அந்நேரத்தில் உதவாது.

இவற்றில் மிக மோசமானது நீர்க்குழி. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்குத் தெளிப்பதற்காக வெட்டப்படும் இக்குழிக்குக் கைப்பிடிச் சுவர் இருப்பதில்லை. ஈரமண் சரிவு வழுக்கும். பொலித்தீன் விரித்திருந்தால் பிடிக்க எதுவுமே கிடைக்காது. பட்டிப்பொல, அம்பேவெல பக்கத்து மூடுபனி சேர்ந்துகொண்டால் பத்து எட்டில் நிற்கும் பிள்ளையும் கண்ணுக்குப் படாது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவிலேயே இருப்பதால் நீரும் குளிர்ந்தே கிடக்கிறது. அக்குளிரில் விழுந்தவுடன் மூச்சு இழுபடும். முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகும். மூழ்கும் பிள்ளை கத்தும், கையடிக்கும் என்பது சினிமா தந்த எண்ணம். பெரும்பாலும் சத்தமே வராது.

பிள்ளைக்காம்பராவின் தோற்றம்

கோப்பிக் காலத்தில் பிள்ளையைப் பார்ப்பது யார் என்ற பிரச்சினை சிறியது. இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்தால் ஊர் திரும்பியவர்கள். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியைப் போலன்றித் தேயிலைக்குப் பருவம் கிடையாது. அதே செடிக்கு வாரம், பத்து நாளுக்கொரு முறை ஆண்டு முழுவதும் திரும்பி வரவேண்டும். கொழுந்துக்குப் பெண்களின் கை வேண்டும் என்று தோட்டங்கள் தீர்மானித்தன. குடும்பங்கள் வந்து நிலைத்தன. லயங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள்.

விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. தாய் கூடையோடு மலைக்குப் போனபின் பிள்ளைக்கு மூன்று வழிகளே இருந்தன. தாயோடு போய் மர நிழலில் சேலைத் தொட்டிலில் கிடக்கலாம். லயத்து அறையில் கிழவியிடம் விடப்படலாம். அல்லது எட்டு, ஒன்பது வயது அக்காளின் இடுப்பில் ஏறலாம். மூன்றாவதே அதிகம் நடந்தது. அக்காள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் தம்பியும் பீலிக்குப் போனான். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. அக்காள் பாடசாலைக்குப் போனால் தம்பியைப் பார்ப்பது யார் என்ற கேள்வி அப்போது கூர்மையடைந்திருக்க வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைக்காம்பரா, சில தோட்டங்களில் பிள்ளைமடுவம், இந்த இடைவெளியில் வளர்ந்தது. ஆரம்பத்தில் அது லயத்தின் ஓர் அறை அல்லது தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை. விட்டத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தரையில் நடக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கொழுந்து எடுக்க முடியாத வயதை எட்டிய ஒரு பெண் ஆயாவாக அமர்த்தப்படுவார். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஆயாவின் கைகளுக்கும் ஒப்பீடே கிடையாது. இதைத் தோட்ட முதலாளிகள் நலன்புரிப் பணியாகக் கணக்கில் காட்டினார்கள். உண்மையில் தாய் மலையில் தங்கவும் கொழுந்து நிறை குறையாதிருக்கவும் தேவைப்பட்ட உற்பத்திச் செலவே அது. ஆயினும் பிள்ளையை நீரிலிருந்தும் அடுப்பிலிருந்தும் பகல் முழுவதும் பிரித்து வைத்த ஒரே சுவரும் அதுதான்.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்களுக்குப் பிரசவ கால உதவியை உறுதிசெய்தது. பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தங்களின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு இடைவேளைகள் உண்டு: பிள்ளைக்காம்பரா இருக்குமிடத்தில் தலா 30 நிமிடம், இல்லாவிடில் தலா ஒரு மணி நேரம். காம்பரா இருந்தால் வேலைநேரம் மிச்சமாகும் என்ற கணக்கு சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதை இங்கே கவனிக்கலாம்.

தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் பிள்ளை பராமரிப்பு வரலாற்றில் பொதுவாகப் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பாட்டி தலைமன்னாரில் கப்பலேறிவிட்ட வீட்டில் பிள்ளையைப் பார்க்க எஞ்சியவர் காம்பரா ஆயா மட்டுமே.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம என்ற அரச சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தன. 1980களில் நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் நிதியுதவியோடு தொடங்கிய சமூக நலத் திட்டம் காம்பராக்களைத் திருத்திக் கட்டியது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோது நலப் பணிகளுக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட நிதியம், 2002 முதல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்குகிறது. தோட்டத்தில் சுருக்கமாக 'ட்ரஸ்ட்'. காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. ஆயாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2015இல் உலக வங்கி அங்கீகரித்த 5 கோடி டொலர் முன்பிள்ளைப்பருவத் திட்டத்தில் பெருந்தோட்ட நிலையங்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது.

பிள்ளைக்காம்பரா உயிர்காக்கும் என்பதற்கான அறிவியல் சான்று பங்களாதேஷிலிருந்து வந்தது. அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் மூழ்குவது, தாய் வீட்டு வேலையில் இருக்கும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையிலேயே அதிகம். அந்நேரத்துக்கென்றே 'ஆஞ்சல்' என்ற கிராமப் பராமரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு வந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. 2022இல் பங்களாதேஷ் அரசு 8,000 நிலையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. பாலர்களுக்குக் கண்காணிப்புள்ள பராமரிப்பு இடம் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஆறு வழிகளில் ஒன்று. மலையகம் அதைக் கொழுந்துக்காகச் செய்து வைத்திருந்தது.

வேலியும் மூடியும்

வீட்டுத் தடாகத்துக்கான விதிகள் நியூசிலாந்தின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆஸ்திரேலிய மாநிலங்களின் 1990களின் தொடக்கச் சட்டங்களிலும் உருப்பெற்றன. ஆஸ்திரேலிய நியமப்படி வேலி 1.2 மீற்றர் உயரம். கம்பிகளுக்கிடையில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. படலை தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, விட்டதும் தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வேலியருகே கதிரை, பூச்சட்டி என ஏறக்கூடிய எதுவும் இருக்கலாகாது. வீட்டுச் சுவரையே ஒரு பக்க வேலியாகக் கொள்வது போதாது. நான்கு பக்கமும் தனி வேலி உள்ள தடாகமே பாதுகாப்பானது என்பது ஆய்வுகளின் முடிவு, ஏனெனில் பிள்ளை வருவது வீட்டு வாசலிலிருந்துதான். அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமியொருத்தி தடாகத்தின் அடி வடிகாலில் உறிஞ்சப்பட்டு இறந்த 2002ஆம் ஆண்டு நிகழ்வு, 2007இல் வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு வழிசெய்தது. காற்றடைத்த கைப்பட்டையும் மிதவையும் விளையாட்டுப் பொருள்களே. குளித்து முடிந்ததும் பந்தையும் பொம்மையையும் நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிதக்கும் பந்துதான் பிள்ளையை அழைக்கிறது.

இவ்வேலி விதிகளின் சாரம் நீர்க்குழிக்கும் பொருந்தும். கவாத்துக் கம்புகளை நெட்டாக நட்டு வேலி கட்டினால் போதும். குறுக்காகக் கட்டினால் அது ஏணியாகிவிடும். குழிமேல் மிதக்கும் பொலித்தீன் தாள் திறந்த குழியைவிட ஆபத்தானது, கால் வைக்கலாம் போலத் தெரிவதால். பீப்பாய்க்குப் பாரமான மூடியும், பாவித்த வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் செலவில்லாதவை.

மீட்பு

நீந்தத் தெரியாதவர் பின்னால் குதித்தால் இருவர் போவர். கயிறு, நீண்ட கம்பு, சேலை, வெறும் பிளாஸ்டிக் கலன் எதையாவது எறிய வேண்டும். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. பிராணவாயு இன்றி நான்கு முதல் ஆறு நிமிடத்தில் மூளை பழுதடையத் தொடங்கும். அந்நிமிடங்கள் இதில் வீணாகின்றன. மூச்சில்லையெனில் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பின் நெஞ்சின் நடுவில், அதன் தடிப்பில் மூன்றிலொரு பங்கு ஆழம் போகும்படி 30 அழுத்தங்கள், இரண்டு மூச்சுகள் என மாறி மாறித் தொடர வேண்டும். தேறிவிட்டதாகத் தெரியும் பிள்ளையையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோவது அவசியம். சுவசெரிய இலவச அம்புலன்ஸின் இலக்கம் 1990.

இன்றைய நிலை

தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும் பெண்கள் குறைந்து வருவதால் நிலையங்களுக்கு வரும் பிள்ளைகளும் குறைகிறார்கள். தாய் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ போன வீடுகளில் பிள்ளை மீண்டும் பாட்டியின் பொறுப்பு. பட்டிப்பொல பக்கத்தில் பல பெற்றோர் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறார்கள். நீர்க்குழி அங்கேதான் உண்டு, பிள்ளைக்காம்பரா அங்கே இல்லை.