லினக்ஸில் விளையாட்டு வாணிபம்

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ், எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. இலவசத்திற்குப் பழகியவரிடம் கணிப்பொறி விளையாட்டை விலைக்கு விற்க முடியுமா? துணிந்து பார்த்தவர் கலிபோர்னியாவின் ஸ்காட் டிரேக்கர் என்னும் வழக்கறிஞர். 1998-இல் அவர் நிறுவிய லோக்கி கம்பெனி, விண்டோஸுக்கென எழுதப்பெற்ற விளையாட்டுகளை உரிமை பெற்று லினக்ஸுக்கு மாற்றித் தந்தது. முதல் வெளியீடு, 1999-இல், 'சிவிலைசேஷன்: கால் டு பவர்'. பெட்டிகள் அழகாகவே இருந்தன, வாங்குவோர் போதவில்லை. லோக்கியின் பதிப்பு வருமுன்னரே ஆவலுள்ளோர் பலர் விண்டோஸ் பதிப்பை வாங்கி ஆடி முடித்திருப்பர். மொழிபெயர்ப்பால் பிழைக்கும் எனக்கு இச்சங்கடம் நன்கு விளங்குகிறது. 2001 ஆகஸ்டில் திவால் மனு. 2002 ஜனவரியில் கதவடைப்பு.

ஆயின், நேயர்களே, அங்குப் பணியாற்றிய சாம் லாண்டிங்கா ஆக்கிய எஸ்.டி.எல். என்னும் நிரல் தொகுப்பு பொதுச் சொத்தைப்போல் யாவர்க்கும் திறந்திருந்தமையால் கம்பெனியோடு மாயவில்லை. 2012-இல் வால்வ் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் அதன் ஸ்டீம் கடை லினக்ஸிலும் திறந்தது. 2018-இல் வந்த புரோட்டானோ நூல் முழுவதையும் பெயர்த்தெழுதும் வழியையே விட்டுவிட்டது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை, அருகிருக்கும் துபாஷி போல, அவ்வப்போதே லினக்ஸுக்கு எடுத்துரைக்கிறது. 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இதனை நம்பியே பிறந்தது. பலர் கூடி ஆடும் சில விளையாட்டுகளின் மோசடித் தடுப்பு நிரல்கள் மட்டும் இத்துபாஷியை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன.