ஜெராக்ஸுக்காகப் பிறந்த மார்க்கர்

கலரிங் புக்ல ரெண்டு கலரை ஒண்ணோட ஒண்ணு கலக்க வைக்கிற ஆல்கஹால் மார்க்கர், நம்ம ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கப் பிறந்ததில்லை.

அந்தக் காலத்து டிசைனர்கள் ஸ்கெட்ச்சை ஜெராக்ஸ் எடுத்து, அதுமேல கலர் அடிப்பாங்க. பழைய மார்க்கர்ல இருந்த சால்வென்ட் டோனரையே கரைச்சிடும். கருப்புக் கோடு ஈஷிடும். 1987-ல் ஜப்பானில் வந்த காபிக் மார்க்கர்தான் இதுக்குத் தீர்வு. அந்த ஆல்கஹால் மை டோனரைக் கரைக்காது. 'காப்பி'யிலிருந்துதான் பெயரே வந்தது. ஆனா, ஏற்கெனவே அடிச்ச சாயத்தை மறுபடி கரைக்கும். அதான் பிளெண்டிங்!

2013-ல் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' வந்தது. பெரியவங்களும் கலரிங் புக் வாங்க ஆரம்பிச்சாங்க. டிசைனர் பேனா நம்ம கைக்கும் வந்தது.

ஒரு விஷயம்: உள்ளே இருக்கிறது சாயம். வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துடும். பல ராத்திரி உட்கார்ந்து முடிச்ச பக்கத்தை ஃபிரேம் போடுறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து வைங்க. கடைசியில் மிஞ்சப்போறது அந்தக் காப்பிதான்.