ஃபிளாட்டா, தனி வீடா? முகப்பேர் ஏரித் திட்டம் முதல் மௌலிவாக்கம் வரை

எனக்கு வர்ற மெசேஜ்கள்ல அடிக்கடி திரும்பி வர்ற கேள்வி இது: "ப்ரோ, அம்பத்தூர்ல ஒரு ஃபிளாட் வாங்கலாமா, இல்ல ஆவடி தாண்டி தனி வீடு பாக்கலாமா?" நான் ரியல் எஸ்டேட் ஆள் கிடையாது, கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். ஆனா நானும் ஒரு வருஷமா இதே கேள்வியோடதான் சுத்திக்கிட்டு இருக்கேன். இருபது வருஷம் இஎம்ஐ கட்டப் போற விஷயம். அதனால விலை நிலவரத்தை ஓரமா வெச்சுட்டு, இந்தக் கேள்வி நம்ம ஏரியாவுக்கு எப்படி வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன். இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

மேற்குச் சென்னை முதல்ல வேலைக்காக வளர்ந்த ஊர். வீடு அப்புறம்தான் வந்துச்சு. 1949ல டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனி தொடங்கி, அம்பத்தூர்ல சைக்கிள் தயாரிப்பு வந்தது. 1955 ஜனவரியில ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்து, சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. 1961ல அதே ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது டாங்கி ஃபேக்டரி. 1964ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. பதினைஞ்சே வருஷத்துல ஏரியும் வயலும் இருந்த இடத்துக்கு ஷிஃப்ட் சங்கு வந்துடுச்சு. ஃபேக்டரிக்குள்ள குவார்ட்டர்ஸ் கிடைச்சவங்க சிலர். மத்தவங்க எங்க தங்குவாங்க?

அரசாங்கத்துக்கும் அந்தக் கவலை இருந்தது. சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டோட வேலையை எடுத்துக்கிட்டு 1961ல தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் உருவாச்சு. நம்ம வீடுகள்ல இன்னைக்கும் "ஹவுசிங் போர்டு"னுதான் சொல்லுவோம். அண்ணா நகர், முகப்பேர், ஆவடி, அயப்பாக்கம்னு வாரியம் மேற்கு நோக்கி நகர்ந்தது. தனி மனை, வரிசை வீடு, மாடிக் குடியிருப்பு மூணையும் போட்டாங்க. ஆக நம்ம ஊர்ல ஃபிளாட்டா தனி வீடாங்கற கேள்விக்கு முதல்ல பதில் எழுதினவங்கள்ல தனியார் பில்டருக்கு முன்னாடியே ஹவுசிங் போர்டு இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி 1977ல வருது. உலக வங்கிக் கடனோட மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்குது. அதுல ஒரு யோசனை: ஏழைக்கு முழு வீடு கட்டிக் கொடுக்கற அளவுக்குப் பணம் இல்ல. அதனால ரோடு, குழாய், சாக்கடை எல்லாம் போட்டு, சின்ன மனையா பிரிச்சுக் கொடுத்துடலாம். மிகச் சின்ன மனை ஏறக்குறைய 40 சதுர மீட்டர், நம்ம கணக்குல 430 சதுர அடி. கழிப்பறையும் தண்ணி இணைப்பும் இருக்கும். மிச்ச வீட்டை நீங்களே கையில காசு வரும்போது கட்டிக்கலாம். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு வித்து, அந்த லாபத்துல சின்ன மனைகளோட விலையைக் குறைச்சாங்க. அரும்பாக்கம், வில்லிவாக்கம், அப்புறம் முகப்பேர்ல இது நடந்தது.

ஆரம்பத்துல இதைத் தோல்வின்னுதான் பேசினாங்க. மனை வாங்கினவங்க உடனே குடி வரல. பல மனைகள் காலியாவே கிடந்தது. வேலை இருந்த இடத்துக்கும் வீட்டுக்கும் தூரம். ஆனா பல வருஷம் கழிச்சு சென்னையிலயும் மும்பையிலயும் இந்த இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்த ஒரு ஆய்வு 2018ல வந்தது. தோத்துப் போச்சுன்னு நினைச்ச இடங்கள் நிரம்பி வழியுதுன்னு அவங்க பார்த்தாங்க. நீங்களே முகப்பேர் கிழக்குல ஒரு குறுக்குத் தெருவுல நடந்து பாருங்க. அகலம் கம்மியான மனையில ரெண்டு மூணு மாடி, கீழே கடை, மேல வாடகை, அதுக்கு மேல தண்ணி டேங்க். ஓடு போட்ட ஒரே ரூமா ஆரம்பிச்ச வீடு, பையனுக்குக் கல்யாணம் ஆகும்போது ஒரு மாடி, பென்ஷன் பணம் வரும்போது இன்னொரு மாடின்னு ஏறும். எங்க வேலையில ஒரு சாஃப்ட்வேரை முதல்ல சின்னதா ரிலீஸ் பண்ணி, அப்புறம் அப்டேட் பண்ணிக்கிட்டே போவோம். அதே கதைதான். இந்த வசதி ஃபிளாட்ல கிடையாது. ஃபிளாட் கடைசி வெர்ஷனாவே கைக்கு வருது. பெரிய மாற்றம் எதுவும் உங்க கையில இல்ல.

சரி, தனி மனைதான் ஜெயிச்சதுன்னு முடிச்சுடலாமா? அவசரப்படாதீங்க. அதே முகப்பேர்ல ஒரு பகுதியோட முகவரி "முகப்பேர் ஏரித் திட்டம்". முகவரியிலேயே ஏரி இருக்கு. 2015 டிசம்பர்ல கூவம் ஓரம் நொளம்பூரும், ஏரிகளுக்குக் கீழ இருந்த கொரட்டூர், அம்பத்தூர் பகுதிகளும் தண்ணியில நின்னப்போ, தரைத்தள வீட்டுக்காரங்களுக்கு ஏறிப்போக மாடி இருந்தா அதிர்ஷ்டம். மூணாவது மாடி ஃபிளாட்ல இருந்தவங்களுக்கு கரண்ட் இல்ல, கார் போச்சு, ஆனா பத்திரமும் பீரோவும் நனையல. மேற்குப் புறநகர்ல வீடு பாக்கறவங்க பழைய வரைபடத்துல நீர்நிலை எங்க இருந்ததுன்னு பாக்காம அட்வான்ஸ் கொடுக்கறது எனக்குப் புரியாத தைரியம்.

மனைக்கு இன்னொரு கஷ்டம் காகிதம். 1978ல நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்து 1999ல ரத்தாச்சு. நடுவுல, உச்சவரம்புக்கு மேலன்னு அரசு எடுத்துக்கிட்ட நிலத்தை விவரம் தெரியாமலே வாங்கினவங்க உண்டு. பத்திரம் கையில, பட்டா அரசு பேருல. அப்புறம், திருமுல்லைவாயில், பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் எல்லாம் வயலை அளந்து கல் நட்டு, அங்கீகாரமே இல்லாம மனை போட்டு வித்தது நமக்கெல்லாம் தெரியும். 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதிரி மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு நிறுத்துச்சு. 2017ல வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முந்தின மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி பண்ணாங்க. அந்த இடைவெளியில பொண்ணு கல்யாணத்துக்கு மனையை விக்க நினைச்சு மாட்டிக்கிட்ட குடும்பங்களை நினைச்சுப் பாருங்க.

இப்ப ஃபிளாட்டுக்கு வருவோம். தரையில கால் படாத ஒரு இடத்தை எப்படி ஒருத்தர் சொந்தமாக்க முடியும்? உலகம் முழுக்க சட்டம் இதுல திணறியிருக்கு. அமெரிக்காவுல "காண்டோமினியம்"னு சொல்ற முறை 1958ல போர்ட்டோ ரிக்கோவில சட்டமாகி, 1960ல யூட்டா மாநிலத்துக்கு வந்தது. 1961ல ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். நம்ம சொந்தக்காரங்க இருக்கற சிங்கப்பூர்ல அரசு ஃபிளாட்டுக்கு 99 வருஷக் குத்தகைதான். மகாராஷ்டிரம் 1970ல அடுக்ககச் சட்டம் போட்டது. தமிழ்நாடு? 1994ல. அதுவும் நடைமுறையில பெருசா பயன்படல. பெரும்பாலான அசோசியேஷன்கள் சங்கப் பதிவுச் சட்டத்துலதான் பதிவாச்சு, அதாவது ஒரு மன்றமோ சபாவோ பதிவாகற அதே சட்டத்துல.

அதனால நம்ம ஊர் ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சது. நிலத்துல பிரிபடாத பாகம், எல்லாரும் சொல்ற யூடிஎஸ், அதுக்கு மட்டும் கிரயப் பத்திரம். வீட்டுக்கு பில்டரோட தனியா ஒரு கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத் தீர்வையும் கம்மியாச்சு. ஆக நம்ம அக்கா அண்ணன்லாம் புதுசா ஃபிளாட் வாங்கினப்போ, பத்திரத்துல உண்மையில வாங்கினது சில நூறு சதுர அடி மண். 2023 டிசம்பர்லதான் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த மதிப்புல பதிவு பண்ற முறை புது ஃபிளாட்டுக்கு வந்தது.

அந்த மண் எவ்வளவு? இங்கதான் கொஞ்சம் கணக்கு போடணும், பேனா எடுத்துக்கோங்க. ஒரு நிலத்துல எத்தனை மடங்கு கட்டலாம்னு அரசு வைக்கிற அளவு, எஃப்எஸ்ஐ. ரொம்ப காலம் சாதாரணக் கட்டடத்துக்கு 1.5. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதுல 3,600 கட்டலாம், 900 சதுர அடியில நாலு ஃபிளாட். ஆளுக்கு 600 சதுர அடி நிலம். 2019 விதிகள்ல அளவு 2 ஆச்சு. அதே 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு இப்ப 450தான். அகலமான ரோட்டுல வர்ற உயர்ந்த அடுக்குமாடிக்கு 3.25. கணக்கு போட்டா 277. பொது இடம், பார்க்கிங் எல்லாம் சேரும்போது நம்பர் கொஞ்சம் முன்னப்பின்ன வரும், ஆனா போற திசை இதுதான். நீச்சல் குளம் இருக்கு, ஜிம் இருக்கு, மண் கரைஞ்சுக்கிட்டே போகுது.

இதுல ஒரு வேடிக்கை. 1.5ல கட்டின பழைய மூணு மாடி பில்டிங்கை இடிச்சா 2ல கட்டலாம். பில்டருக்கு மூணுல ஒரு பங்கு கூடுதல் இடம் கிடைக்குது. அதனாலதான் முகப்பேர், அண்ணா நகர்ல பாசி படிஞ்ச ஃபிளாட்களுக்கெல்லாம் "இடிச்சுக் கட்டித் தர்றோம்"னு ஆள் வர்றாங்க. ஏற்கனவே 3.25ல கட்டி முடிச்ச கோபுரத்தை நாப்பது வருஷம் கழிச்சு யார் வந்து இடிச்சுக் கட்டுவாங்க? விதி திரும்ப மாறினா உண்டு. ப்ரோஷர்ல இது இருக்காது.

மௌலிவாக்கத்தைப் பத்திப் பேசாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. போரூர் குன்றத்தூர் சாலைப் பக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், மழை. கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு. 61 பேர் செத்தாங்க. பெரும்பாலும் ஆந்திராவுல இருந்தும் நம்ம வெளி மாவட்டங்கள்ல இருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்துல நின்ன இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வெச்சு இறக்கினாங்க. சில நொடிதான். அந்த வீடியோவை அப்ப நாங்க காலேஜ்ல வேடிக்கையா ஃபார்வர்டு பண்ணோம். இப்ப பாக்கும்போது, ஒவ்வொரு மாடியிலயும் யாரோ ஒருத்தர் ஹோம் லோன் போட்டு புக் பண்ணின வீடு இருந்திருக்கும்னுதான் தோணுது. தனி வீட்டுல அஸ்திவாரம் தோண்டும்போது நம்ம அப்பா பக்கத்துல நின்னு பாப்பார். பதினோரு மாடிக்கு நீங்க நம்பறது ஒரு கையெழுத்தைத்தான். ரெரா சட்டம் 2016ல வந்து, தமிழ்நாட்டு விதிகள் 2017ல வந்தது. எட்டு வீட்டுக்கு மேலயோ 500 சதுர மீட்டருக்கு மேலயோ இருக்கற திட்டம் பதிவு பண்ணியே ஆகணும். அதுக்குக் கீழ இருக்கற குட்டி ஃபிளாட்கள், அம்பத்தூர் உள் தெருக்கள்ல நாம அதிகம் பாக்கறது, அந்த வலைக்குள்ள வராம போகலாம்.

நடுவுல ஒண்ணு இருக்கு, ரோ ஹவுஸ். புதுசு மாதிரி விக்கறாங்க, ஆனா அக்ரஹாரமும் நெசவாளர் தெருவும் பின்ன என்ன? பொதுச் சுவர்ங்கற வார்த்தை பத்திரத்துல எப்பவோ வந்தாச்சு. எனக்கு இதுல ஒரு மோகம் உண்டு: சொந்த மாடி, சொந்த வாசல், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க: மனை தனியா உட்பிரிவு ஆகி பட்டா உங்க பேருல வருமா, இல்ல இதுவும் பிரிபடாத பாகம்தானா? ரெண்டாவதுன்னா நீங்க வாங்கறது படுத்துக்கிட்டு இருக்கற ஃபிளாட்.

கடைசியா ஒரு சட்டம். 1994 சட்டத்துக்குப் பதிலா போட்ட 2022 அடுக்ககச் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்தது. முன்னாடி இடிச்சுக் கட்டணும்னா எல்லா உரிமையாளரும் சம்மதிக்கணும். ஒருத்தர் அமெரிக்காவுல, ஒருத்தர் கோர்ட்ல, ஒருத்தருக்கு கீழ் வீட்டுக்காரரோட பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான், கட்டடம் அப்படியே ஒழுகும். இப்ப மூணுல ரெண்டு பங்கு பேர் போதும். நான் பாத்துக்கிட்டு இருக்கறது முகப்பேர் மேற்குல 600 சதுர அடி நிலப் பாகம் இருக்கற ஒரு பழைய ஃபிளாட். மொத்தம் ஆறு வீடு, அதாவது நாலு ஓட்டு. கீழ் வீட்டுல எழுபது தாண்டின ஒரு அம்மா தனியா இருக்காங்க, எங்கயும் போக மாட்டேன்னு சொல்றாங்க. நான் வாங்கினா அவங்க பக்கமா, மத்த நாலு பேர் பக்கமான்னு முதல் மீட்டிங்லயே கேப்பாங்க. அப்பா இன்னும் பட்டாபிராம் மனையைத்தான் பாக்கச் சொல்றார். வில்லங்கச் சான்று ரெண்டுக்கும் போட்டிருக்கேன். அதை வரி வரியா எப்படிப் படிக்கறதுன்னு அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.